பாதி மூட்டு மாற்று: அந்த ஒரு மில்லிமீட்டரை யார் தீர்மானிக்கிறார்கள்?

காவேரிப்பட்டணம் வாசகர் கேட்டது, 2024 மே 12, காலை

என் அம்மாவுக்கு வயது 63. மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்கு இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறார். வலது முழங்காலில் உட்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, பாதி மூட்டு மாற்றினால் போதும் என்று நாங்கள் பார்த்த இரண்டு மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ரோபோ வைத்துச் செய்தால்தான் மூட்டின் சமநிலை துல்லியமாக அமையும், கையால் செய்கிறவர்கள் குத்துமதிப்பாகத்தான் வைப்பார்கள் என்று பெங்களூரில் சொன்னார்கள். சேலத்து மருத்துவர் கையால்தான் செய்கிறார். அது குத்துமதிப்பு வேலையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 மே 12, இரவு

குத்துமதிப்பு என்பது தவறு. சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் பதினேழு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அதில் பிற்பாதி முழுவதும் எலும்பு அறுவையில், மருத்துவர் கை நீட்டும்போது கருவியை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்றேன். இப்போது தருமபுரியில் ஓய்வாக இருக்கிறேன். என் இடது முழங்காலில் இருப்பதும் பாதி மூட்டுதான்.

முழு மூட்டு மாற்றுக்கும் பாதி மூட்டு மாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சமநிலை என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் இரண்டு பொருளில் வருகிறது. முழு மூட்டில், எலும்புகளைப் பிணைக்கும் நார்களில் ஏசிஎல் எனப்படும் முன் குறுக்கு நாரைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். உட்பக்கம் இறுகியிருந்தால் அங்குள்ள நாரைச் சற்றுத் தளர்த்தி, வெளிப்பக்கத்துக்கு ஈடாகக் கொண்டுவருகிறார்கள். பாதி மூட்டில் எந்த நாரையும் தொடக் கூடாது. உட்பக்கத்து நாராகிய எம்சிஎல் தன் இயல்பான நீளத்தில்தான் இருக்கிறது. குருத்தெலும்பும் சிறிது எலும்பும் தேய்ந்து உயரம் குறைந்துபோனதால்தான் கால் வில்லாக வளைந்திருக்கிறது. தேய்ந்துபோன அந்த உயரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால், நார் பழையபடி விறைப்பாக நிற்கும். ஆகவே இங்கே சமநிலை என்பது எலும்பை எவ்வளவு எடுப்பது, இரண்டு எலும்பிலும் பொருத்தும் உலோகத்துக்கு நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டின் கனம் எவ்வளவு என்ற இரண்டு கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

அந்தக் கணக்கைப் போட ஒரு கருவி இருக்கிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரத்து லாரி மெக்கானிக் கடைகளில் டேப்பட் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் என்ற தகடுகள் வைத்திருப்பார்கள் அல்லவா? அதே பெயரில், அதே நோக்கில், எங்கள் கருவித் தட்டிலும் ஒரு வரிசை இருக்கும். மெக்கானிக்கின் தகடு மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் இருக்கும், எங்களுடையது முழு மில்லிமீட்டரில் இருக்கும். கால் மடங்கிய நிலையில் இரண்டு எலும்புக்கும் இடையே எந்தத் தகடு தடையில்லாமல் போய் வருகிறது என்று பார்ப்பார்கள். பிறகு காலை நீட்டி மறுபடி பார்ப்பார்கள். மடக்கியபோது 5, நீட்டியபோது 2 என்றால், வித்தியாசம் 3. தொடை எலும்பின் நுனியில் 3 மில்லிமீட்டர் அரைத்தெடுத்தால் இரண்டு நிலையிலும் 5 ஆகிவிடும். கீழ்க்கால் எலும்பில் எடுப்பது இரண்டு இடைவெளியையும் சேர்த்துக் கூட்டும். தொடை எலும்பின் நுனியில் எடுப்பது நீட்டும்போதுள்ள இடைவெளியை மட்டும் கூட்டும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்ஃபெலோ என்ற எலும்பு மருத்துவரும் ஜான் ஓ’கானர் என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய மூட்டு முறை இது. நோயாளிகளுக்கு முதலில் பொருத்தியது 1976இல். உட்பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தத் தொடங்கியது 1982இல். மருத்துவரோடு ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்ததால்தான் ஃபீலர் கேஜ் அறுவை அரங்குக்குள் வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

2024 மே 13, அதிகாலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ‘காலை நீட்டி’ என்று எழுதிவிட்டேன். முழுக்க நீட்டிப் பார்க்கக் கூடாது. ஏறத்தாழ 20 பாகை மடங்கிய நிலையில்தான் அந்த இரண்டாவது அளவை எடுக்க வேண்டும். காலை முழுதாக நீட்டினால் முழங்காலின் பின்புறத்து உறை இழுபட்டு இறுகிக்கொள்ளும். தகடு போகாததற்குக் காரணம் எம்சிஎல்லா, பின்னுறையா என்று தெரியாமல் போய்விடும். இடைவெளி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், அதை நம்பித் தொடை எலும்பைக் கூடுதலாக அரைத்துவிட நேரும். 20 பாகையில் பின்னுறை தளர்ந்திருக்கும், நாரின் விறைப்பு மட்டும் தனியாகத் தெரியும்.

இதைச் சின்னத் திருத்தம் என்று யாரும் கருத வேண்டாம். பாதி மூட்டின் துல்லியம் முழுவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

2024 மே 13, பிற்பகல்

அறுவை நடக்கும்போது என்ன தெரிந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு 2022 ஜனவரியில், நான் வேலை பார்க்காத வேறொரு மருத்துவமனையில் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தூங்க மருந்து வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தாலும் காதுக்குத் திரை இல்லை. ஒவ்வொரு ஒலியும் எந்தக் கருவியுடையது என்று எனக்குத் தெரியும். ரம்பம் நின்றது, அரைக்கும் கருவி சுற்றியது, நின்றது. பிறகு நான் எத்தனையோ முறை நின்ற இடத்தில் நின்றிருந்த பெண்ணிடம் மருத்துவர் தகடு கேட்டார். மடக்கிய நிலையில் நான்கு. “கேஜை எடுத்துவிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மடக்கிய நிலையில் வைத்த தகட்டை எடுக்காமல் காலை நீட்டினால், அந்தக் கட்டத்தில் நீட்டிய இடைவெளி சிறியதாகத்தான் இருக்கும் என்பதால், தகடு ஆப்புப் போல நின்று நாரை இழுத்துவிடும். இழுபட்ட நார் மீளாது. கேஜை எடுப்பதைச் சிலர் மௌனமாகச் செய்வார்கள். இவர் சொல்லிச் செய்தார்.

நீட்டிய நிலையில் ஒன்று. மூன்று அரைத்தார்கள். மறுபடி பார்த்தார்கள், இரண்டிலும் நான்கு. மாதிரித் தட்டை வைத்தபோது ‘டக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்டது. உதவி மருத்துவர், “சார், ஐந்தும் பார்க்கலாமா?” என்றார். ஐந்தும் உள்ளே போனது. மருத்துவர் என் காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “போகிறது என்பதற்காக வைக்கக் கூடாது, நான்கு கொடுங்கள்” என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட ஐந்தை வெளியே எடுத்து நான்கை வைப்பதற்கு ஒரு மருத்துவருக்கு எவ்வளவு திடம் வேண்டும் என்பது, பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து வைத்தால் மூட்டு கையில் கெட்டியாகத் தெரியும், கால் இன்னும் நேராகத் தெரியும், உறவினர்களும் மகிழ்வார்கள்.

2024 மே 15

“இறுக்கமாக வைத்தால் ஆடாமல் நிற்குமே, அதில் என்ன தவறு?” என்று ஊத்தங்கரையிலிருந்து ஒருவர். இதற்கு என் நாத்தனாருடைய காலைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

அவர் ஓசூர்ப் பக்கம் இருக்கிறார். எனக்குச் செய்வதற்கு நெடுநாள் முன்பே, ஒரு தனியார் மருத்துவமனையில் இடது காலுக்குப் பாதி மூட்டு வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். அதுவரை இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சொம்பு புகும் அளவுக்கு வளைந்திருந்த கால், அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல நேராக இருந்தது. வலது கால் பழையபடி வளைந்தே இருக்க, இடது கால் மட்டும் நேராக நின்றதை எல்லோரும் வியந்து பார்த்தோம். அறுவை அரங்கில் அத்தனை ஆண்டுகள் நின்ற நானும் மகிழ்ந்தேன். அது மகிழ வேண்டிய காட்சி அல்ல என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பாதி மூட்டு மாற்றின் வேலை காலை நேராக்குவது அன்று. தேய்மானம் வருவதற்கு முன் அந்தக் கால் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுபோய் விடுவதுதான். நம் ஊரில் பலருக்கும் இளவயதிலேயே கால் சிறிது வில்லாக வளைந்துதான் இருக்கும். அந்தச் சிறு வளைவை மிச்சம் வைப்பதுதான் முறை. உட்பக்கம் கனமான தட்டை வைத்து நெம்பினால், உடம்பின் பாரம் வெளிப்பக்கத்துக்குச் சாய்கிறது. வெளிப்பக்கத்தில் இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் அல்ல, அவருடைய சொந்தக் குருத்தெலும்பு. அது அந்தச் சுமைக்குப் பழகியதில்லை. நாத்தனாருக்கு நான்காம் ஆண்டில் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. ஏழாம் ஆண்டில் பாதி மூட்டை எடுத்துவிட்டு முழு மூட்டு வைத்தார்கள்.

தளர்வாக வைத்தாலும் கேடு உண்டு. நகரும் தட்டு உள்ள வகையில், அதாவது பிளாஸ்டிக் தட்டு உலோகத்தின் மேல் பொருத்தப்படாமல் நகரும் வகையில், தட்டு இடம் பெயர்ந்து வெளியே வந்துவிடலாம். நோயாளி திடீரென்று கால் பூட்டிக்கொண்டதாகச் சொல்லி வருவார், மறுபடி திறந்து தட்டை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் இரண்டு தவறுகளில் தளர்வு விரைவில் வெளிப்பட்டுவிடுகிறது. இறுக்கம் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்து அரிக்கிறது. தட்டை உலோகத்தோடு அசையாமல் பொருத்திய, நிலையான தட்டு உள்ள வகையில் 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்வு விட்டே வைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்; உட்பக்கம் சற்றுத் திறந்து மூடும்படி இருப்பதுதான் இயற்கையான முழங்காலின் நிலையும்.

2024 மே 16

நேற்று எழுதியதை இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நாத்தனாருக்கு அறுவை செய்தவர் வேண்டுமென்றோ அலட்சியமாகவோ கனமான தட்டை வைத்தார் என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்திருக்கும். எனக்கும் பல ஆண்டுகள் அந்தக் கோபம் இருந்தது. இப்போது வேறொரு காரணமும் இருக்கக் கூடும் என்று கருதுகிறேன்.

கீழ்க்கால் எலும்பை அறுக்கும்போது எம்சிஎல்லின் உள்ளடுக்கு ரம்பத்துக்கு ஒரு விரல் தொலைவில்கூட இருக்காது. அதைக் காக்க ரிட்ராக்டர் என்ற வளைந்த தடுப்புக் கருவி ஒன்றை நாருக்கும் எலும்புக்கும் நடுவே செருகிப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிப்பவர் அரை நொடி தளர்ந்தாலும் ரம்பத்தின் நுனி நாரைக் கீறிவிடும். கீறப்பட்ட நார் தளரும், இடைவெளி பெரிதாகும், 4 போதும் என்றிருந்த இடத்தில் 6 அல்லது 7 தேவைப்படும். அப்போது மருத்துவர் தகடு காட்டுகிற எண்ணை நேர்மையாகவே பின்பற்றியிருப்பார். அந்த எண் சேதமடைந்த நாரின் எண். முழு மூட்டு மட்டுமே செய்து பழகியவர்களுக்கு, உட்பக்கத்துத் திசுக்களை எலும்பிலிருந்து சற்று விலக்கும் கைப்பழக்கமும் இருக்கும். அந்தப் பழக்கம் இங்கே வந்தாலும் இதே விளைவுதான்.

ஆகவே தகடு பொய் சொல்லாது என்று நான் எங்கேனும் எழுதியிருந்தால், அது நார் பழுதில்லாமல் இருக்கும்வரைதான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அளக்கும் நேரத்தில் ரிட்ராக்டர்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை உள்ளே இருந்தால் திசுவை இழுத்துப் பிடித்து அளவைக் குறைத்துக் காட்டும்.

2024 மே 19, ஞாயிறு

முதல் கேள்விக்கே இன்னும் முழுப் பதில் எழுதவில்லை. ரோபோவைப் பற்றி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் ரோபோக் கையுடன் நடந்த சில அறுவைகளிலும் நின்றிருக்கிறேன். முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து எலும்பின் உருவத்தைக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். அறுவையின்போது தொடையிலும் கீழ்க்காலிலும் சிறு கம்பிகள் பொருத்தி, அவற்றின் அசைவைக் கேமரா தொடரும். எலும்பை வெட்டும் முன்னரே, மருத்துவர் காலை வெளிப்பக்கமாகச் சற்று நெம்பி உட்பக்கத்து நாரை விறைப்பாக்கிக்கொண்டு, மடக்கி நீட்டிக் காட்டுவார். எந்தக் கோணத்தில் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பது திரையில் கோடாக வரும். அந்தக் கோட்டைப் பார்த்து, உலோகத்தை ஒரு மில்லிமீட்டர் மேலே, ஒரு பாகை சாய்வு என்று திட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம். பிறகு வெட்டும்போது வரம்பைத் தாண்டினால் கருவி கையைத் தடுத்து நிறுத்திவிடும். வெட்டுவதற்கு முன்பே விளைவைப் பார்க்க முடிகிறது என்பது பெரிய வசதி. தகடு முறையில் முதல் வெட்டு முடிந்த பிறகுதான் அளவே தெரியும்.

வெட்டின் துல்லியத்தில் ரோபோ மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கிளாஸ்கோவில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்து, 2016இல் வெளியான ஆய்விலும், ரோபோவால் வைத்த உலோகம் திட்டமிட்ட இடத்துக்கு நெருக்கமாக அமைந்தது என்றுதான் கண்டார்கள். அதே நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, நடை, வலி ஆகியவற்றில் இரு பிரிவுக்கும் ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஏன் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். திரையில் வரும் கோடு, மருத்துவர் எவ்வளவு பலமாக நெம்பினார் என்பதைப் பொறுத்தது. ஒருவர் மெதுவாக நெம்பினால் 3 என்று வரும். அதே காலை இன்னொருவர் ஓங்கி நெம்பினால் 5 என்று வரும். இயந்திரம் இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு எழுதிக் காட்டும். தகடு முறையிலும் இதே சிக்கல் உண்டு: தகடு ‘தடையில்லாமல்’ போகிறதா, ‘சற்றுத் தேய்த்துக்கொண்டு’ போகிறதா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். ஆகவே எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் கருவி அளந்துவிடுகிறது, எவ்வளவு விறைப்பு போதும் என்பதைக் கைதான் முடிவுசெய்கிறது. அந்த விறைப்பையும் எண்ணாக மாற்றுவதற்கு, மாதிரித் தட்டுக்குள்ளேயே அழுத்த உணரி வைத்த கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றை நான் கையாண்டதில்லை.

காவேரிப்பட்டணம் வாசகரே, “ரோபோவா, கையா” என்ற கேள்விக்கு முன், “ஆண்டுக்கு எத்தனை மூட்டு மாற்று செய்கிறீர்கள், அதில் எத்தனை பாதி மூட்டு?” என்று இருவரிடமும் கேளுங்கள். அவர்கள் செய்யும் மூட்டு மாற்றுகளில் ஐந்தில் ஒரு பங்காவது பாதி மூட்டாக இருந்தால் கை பழகியிருக்கிறது என்று கொள்ளலாம். எப்போதாவது ஒன்று செய்பவரிடம் போக வேண்டாம், அவர் எந்தக் கருவி வைத்திருந்தாலும் சரி.

2024 மே 20

பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண் பயந்துபோய் எழுதியிருக்கிறார். நான் நான்கு, ஐந்து என்று எழுதியதைப் படித்துவிட்டு, அவருடைய அப்பாவின் டிஸ்சார்ஜ் கோப்பில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தாராம்; அதில் 8 என்று இருக்கிறதாம்.

பயப்பட வேண்டாம் அம்மா. நகரும் தட்டு உள்ள ஆக்ஸ்ஃபோர்டு வகையில் 3 முதல் 9 வரை எண்கள் உண்டு, அவை பிளாஸ்டிக்கின் கனத்தை மட்டும் குறிக்கும். நிலையான தட்டு உள்ள பல வகைகளில், அடியிலுள்ள உலோகத் தட்டையும் சேர்த்து அளவிடுவார்கள். அங்கே 8 என்பது பெரும்பாலும் இருப்பதிலேயே மெல்லியது. ஸ்டிக்கரில் எந்த வகை என்று பாருங்கள், எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். நான் முதல் நாளே இதைச் சொல்லாமல் விட்டதால் உங்களுக்கு ஒரு இரவு தூக்கம் போயிருக்கிறது. மன்னிக்கவும்.

அந்த ஸ்டிக்கர்களைப் பத்திரமாக வைத்திருங்கள். எத்தனையோ குடும்பங்கள் கோப்பைத் தொலைத்துவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

2024 மே 24

பென்னாகரம் வாசகர் எழுப்பியிருப்பது நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி: ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பாதி மூட்டு பொருந்துமா?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் 2013இல் வரும்வரை, தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் பெரும்பாலானோர் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடித்தோம். பல்லில் பழுப்புக் கறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நாள்பட எலும்பிலும் அது படியும்: எலும்பு அடர்ந்து கடினமாகும், நார்களும் அவை எலும்பில் பற்றும் இடங்களும் சுண்ணாம்பேறி விறைத்துப்போகும். ஐம்பது வயதிலேயே கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பு மொத்தமும் திரும்பிப் பார்க்கும் பெரியவர்கள் என் தாய்வீட்டுத் தெருவில் இருந்தார்கள்.

பாதி மூட்டு மாற்று முழுவதும் நாரை நம்பி நிற்கிறது. நார் வளைந்து கொடுத்தால்தான், உயரத்தைத் திருப்பிக் கொடுத்ததும் கால் தன் பழைய நிலைக்கு வரும். இதை அறுவைக்கு முன்பே அறிய ஒரு சோதனை உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து, முழங்காலை 20 பாகை மடக்கி, காலை வெளிப்பக்கமாக நெம்பிப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். உட்பக்கத்து இடைவெளி திறந்து வளைவு சரியாகிறதா, வெளிப்பக்கத்துக் குருத்தெலும்பு முழு கனத்தில் இருக்கிறதா என்ற இரண்டும் அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும். திறக்கவில்லை என்றால் நார் சுருங்கியோ விறைத்தோ இருக்கிறது என்று பொருள். அந்தக் காலுக்குப் பாதி மூட்டு ஏற்றதல்ல. ஆகவே ஃபுளோரைடு பாதிப்பு உண்டு என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை, அந்தப் படத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கவும் கூடாது. வெளியூர் மருத்துவரிடம் போகிறவர்கள், எந்த ஊரில் எத்தனை ஆண்டுகள் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். முழங்காலோடு நெற்றி எலும்பும் இடுப்பெலும்பும் எப்படி இருக்கின்றன என்று அவர் பார்க்க மாட்டார்.

2024 மே 24, சற்று நேரம் கழித்து

மேலே ‘நெற்றி எலும்பும்’ என்று எழுதியது கைத்தவறு. முன்கை எலும்பு என்று இருக்க வேண்டும். முன்கையில் இரண்டு எலும்புக்கும் நடுவேயுள்ள சவ்வு சுண்ணாம்பேறியிருப்பது இந்த நோயை எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுக்கும் முக்கியமான அடையாளம்.

2024 மே 27

தரையில் உட்காரலாமா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். என் கதையைச் சொல்கிறேன், உங்கள் மருத்துவர் சொல்வதையே பின்பற்றுங்கள். எனக்கு நாற்காலிதான் பாதுகாப்பு என்றார்கள். எட்டு மாதம் கழித்து, வீட்டில் பூசை நாளன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். உட்கார முடிந்தது. எழுந்திருக்கத்தான் மருமகள் கை கொடுத்தாள்.

சமநிலையோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதால்தான் எழுதுகிறேன். நன்றாக மடக்கும்போது தட்டு பின்னோக்கி நகர்கிறது. தொடை எலும்பின் பின்புறம் முளைத்திருக்கும் எலும்பு முட்களை அறுவையின்போது செதுக்கி எடுக்காமல் விட்டால், தட்டின் பின்விளிம்பு அதில் இடித்து முன்பக்கமாக நெம்பப்படும். இரண்டு இடைவெளியும் அச்சாகப் பொருந்தியிருந்தும் தட்டு நழுவுவது இதனாலும் நேரும். குந்தியும் சம்மணமிட்டும் வாழும் ஆசிய நாடுகளில் தட்டு நழுவுவது அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. எண் பொருந்திவிட்டது என்று மருத்துவர் அங்கேயே நின்றுவிடாமல், தட்டை வைத்து முழுக்க மடக்கி, முழுக்க நீட்டி, எங்கேயாவது இடிக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

2024 ஜூன் 2

நான் பாதி மூட்டுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். எனக்கு அது நன்றாக அமைந்தது, அதனால் பரிவு இருக்கத்தான் செய்யும். எதிர்ப்பக்கத்தையும் எழுதுகிறேன்.

பிரிட்டனின் மூட்டுப் பதிவேட்டிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். பாதி மூட்டு வைத்தவர்களுக்கு உயிராபத்தும் பெரிய சிக்கல்களும் குறைவு. ஆனால் மீண்டும் அறுவை செய்து மாற்ற வேண்டி வந்தது முழு மூட்டைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேல். அதே நாட்டில் 27 மருத்துவமனைகளில் 528 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்தாண்டுகள் தொடர்ந்து, 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரு பிரிவினரின் நடையும் வலியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன, செலவு பாதி மூட்டில் குறைவாக இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பாதி மூட்டைப் பழகிய கைகள் வைத்தால் அது முழு மூட்டுக்கு இளைத்ததல்ல. பழகாத கைகள் வைக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டருக்கு மன்னிப்புக் கிடைப்பதில்லை. முழு மூட்டில் சிறு பிழையை வேறொரு வழியில் ஈடுகட்டலாம், இங்கே ஈடுகட்ட இடமில்லை. மறு அறுவைக் கணக்கு உயர்ந்திருப்பதற்கு, பாதி மூட்டை எடுத்துவிட்டு முழு மூட்டு வைப்பது எளிது என்பதும் ஒரு காரணம். காரணம் தெளிவாகாத வலிக்கும் சிலர் அந்த முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

2024 ஜூலை 7

மாங்காய்ப் பருவம் முடிந்து, காவேரிப்பட்டணத்து அம்மாவுக்கு ஜூன் கடைசியில் சேலத்திலேயே கையால் செய்துவிட்டார்கள் என்று மகன் எழுதியிருக்கிறார். நெம்பி எடுத்த எக்ஸ்ரேயில் வெளிப்பக்கம் நன்றாக இருந்ததாம். ஸ்டிக்கரில் நகரும் தட்டு, எண் 4. கால் முழுக்க நேராகவில்லை, சிறிது வளைவு இருக்கிறது, மருத்துவர் சரியாகச் செய்யவில்லையோ என்று அம்மா வருந்துகிறாராம். அவருடைய இளவயதுப் புகைப்படம் ஏதாவது இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். அதிலும் அந்த வளைவு இருக்கும்.

இப்போதைக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உட்பக்கத்து எலும்பில் வலி இருக்கும். எனக்கு ஒன்பது மாதம் இருந்தது. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடும். தையல் இடம் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆண்டுகள் கழித்து வெளிப்பக்கம் வலிக்கிறது என்று அம்மா எப்போதாவது சொன்னால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நின்றபடி எடுக்கும் நீண்ட எக்ஸ்ரேயை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். என் நாத்தனாருக்கு அதை மூன்று ஆண்டுகள் தாமதமாக எடுத்தோம்.